மூளையில் வைத்த ஸ்டென்டைப் பார்க்க எது சரி? சிடி ஆஞ்சியோவா, எம்ஆரா, டிஎஸ்ஏவா?

"ஆறு மாதம் கழித்து செக் ஆஞ்சியோ" என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் எழுதியிருக்கும். எந்த ஆஞ்சியோ என்று இருக்காது. ஆறாவது மாதம் வந்ததும் வீட்டில் குழப்பம் தொடங்கும். சிடி ஆஞ்சியோ பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு என்பார் ஒருவர். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது, அதையே எடுக்கலாம் என்பார் இன்னொருவர். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் டிஎஸ்ஏதான் உண்மையான ஆஞ்சியோ என்பார் மூன்றாமவர்.

நான் பதினாறு வருடமாக சிடி அறையில் வேலை பார்க்கும் டெக்னீஷியன். மூளை ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்கம்பிக் குழாய் வைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எதை எடுப்பது என்ற முடிவு ஸ்டென்ட் வைத்த மருத்துவருடையது. ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், ஐந்து நிமிஷப் பேச்சிலேயே தெளிவு கிடைத்துவிடும்.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு பெரியவர். மூளையின் நடுத் தமனியில் ஸ்டென்ட் வைத்திருந்தார். வேறோர் ஊரில் எடுத்த சிடி ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் "ஸ்டென்டுக்குள் கடுமையான சுருக்கம்" என்று வந்திருந்தது. ஒரு மாதமாக மனிதருக்குத் தூக்கம் இல்லை. "அப்பாவுக்கு மறுபடியும் கை கால் விழுந்துடுமா அண்ணா?" என்று மகள் என்னிடம் கேட்டபோது அவர் கையில் இருந்த ஃபிலிமைப் பார்த்தேன். ஸ்டென்டின் கம்பி வெள்ளையாகத் தடித்து உள்பக்கத்தை மூடியிருந்தது. ஆனால் ஸ்டென்டைத் தாண்டிப் போகிற கிளைகள் எல்லாம் மறுபக்கத்தைப் போலவே நிறைந்திருந்தன. பிறகு எடுத்த டிஎஸ்ஏவில் குழாய் நன்றாகத் திறந்திருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் பயந்தது ரத்தக்குழாயில் இல்லாத ஒரு சுருக்கத்துக்காக.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் அளவுகளைப் பாருங்கள். மூளையின் நடுத் தமனி தொடங்கும் இடத்தில் சுமார் இரண்டரையிலிருந்து மூன்று மி.மீ. அகலம். பின்பக்கத்து பேசிலார் தமனி மூன்று, நான்கு மி.மீ. இருக்கும். அதற்குள் வைக்கும் ஸ்டென்டின் கம்பி 0.06, 0.07 மி.மீ. தடிமன்தான். சாதாரண சிடி மெஷினால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய இடைவெளியோ ஏறக்குறைய அரை மி.மீ.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்டென்டுக்குள்ளோ, அதன் முனையை ஒட்டி 5 மி.மீ. தூரத்துக்குள்ளோ குழாய் 50 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் அதை மறுசுருக்கம் என்று மருத்துவர்கள் கவலையோடு பார்க்கிறார்கள். இரண்டரை மி.மீ. குழாய் 40 சதவீதம் சுருங்கினால் மிச்சம் 1.5 மி.மீ. 60 சதவீதம் சுருங்கினால் மிச்சம் 1 மி.மீ. "பரவாயில்லை" என்பதற்கும் "ஏதாவது செய்ய வேண்டும்" என்பதற்கும் நடுவே இருப்பது வெறும் அரை மி.மீ. அதே அரை மி.மீ.தான் மெஷினின் எல்லையும். இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்த ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்.

ஆகவே "எது சிறந்த ஸ்கேன்?" என்பது கேள்வி அல்ல. "டாக்டருக்கு இப்போது என்ன தெரிய வேண்டும்?" என்பதுதான் கேள்வி. ஸ்டென்ட் திறந்திருக்கிறதா, அடைத்துவிட்டதா? இது சுலபமான கேள்வி. எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது? இது கடினமானது. அனூரிஸம் என்கிற ரத்தக்குழாய்ப் புடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருந்தால், அந்தப் புடைப்பு மூடியதா என்பது தனிக் கேள்வி. ஸ்டென்ட் முழுதாக விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்பது இன்னொன்று.

அடுத்தது, தலைக்குள் என்னென்ன உலோகம் இருக்கிறது. வெறும் ஸ்டென்டா, கூடவே புடைப்பை அடைக்கிற பிளாட்டினம் சுருள்கம்பியான காயிலும் இருக்கிறதா? அப்புறம் உங்கள் உடல்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, படத்தில் ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அலர்ஜி உண்டா, பேஸ்மேக்கர் இருக்கிறதா. கடைசியாகச் செலவு. செலவு என்றால் பில்லில் இருக்கிற தொகை மட்டும் இல்லை. முதல் ஸ்கேனில் பதில் கிடைக்காமல் இரண்டாவது எடுக்க நேர்ந்தால் அதுவும் முதல் ஸ்கேனின் செலவுதான்.

## சிடி ஆஞ்சியோ

கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டு, அயோடின் கலந்த மருந்தை நொடிக்கு நான்கைந்து மி.லி. வேகத்தில் செலுத்தி, அது மூளைத் தமனிக்கு வந்து சேரும் நொடியில் படம் எடுக்கிறோம். படம் எடுப்பதே சில நொடிகள்தான். உடம்பு முழுக்கச் சூடு பரவுவது போல இருக்கும், பயப்பட வேண்டாம்.

இதன் பெரிய பலம் வேகம். திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு பக்கம் கை விழுந்தால் சிடிக்கு ஈடு வேறில்லை. ரத்தக் கசிவா அடைப்பா என்று வெறும் சிடியிலும், அடைப்பு என்றால் எங்கே என்று சிடி ஆஞ்சியோவிலும் ஒரே மேஜையில் தெரிந்துவிடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் என்பதால் கசிவுக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் கேள்விக்கே அங்கே பதில் வேண்டும். அந்த நேரத்தில் எம்ஆர் எடுக்கலாமா என்று விவாதித்துக்கொண்டு நிற்காதீர்கள். இரவிலும் சிடி ஓடுகிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

பலவீனம் உலோகம். எக்ஸ்ரே கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறுவதாலும், மெஷினின் புள்ளி அளவு கம்பியைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதாலும் கம்பி படத்தில் வீங்கித் தெரியும். நாங்கள் அதை ப்ளூமிங் என்போம். 3 மி.மீ. குழாயில் கம்பி இரண்டு பக்கமும் அரை மி.மீ. வீங்கினால் உள்ளே 2 மி.மீ.தான் தெரியும். எதுவுமே ஆகாத குழாய் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது போல இருக்கும். இதயத்து ஸ்டென்டிலும் இதே கதைதான். நெஞ்சுவலிக்கான 2021ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலில்கூட, சிடி மூலம் உள்ளே பார்ப்பதற்கு 3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்டென்டைத்தான் சொல்கிறார்கள். மூளையில் அந்த அளவே பெரிய ஸ்டென்ட். மூளை இதயம் போல் துடிப்பதில்லை என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

எல்லா ஸ்டென்டும் ஒரே மாதிரி வீங்காது. நியூரோஃபார்ம், விங்ஸ்பான் போன்றவை நிட்டினால் என்னும் நிக்கல் டைட்டானியக் கலவையில் செய்தவை. அந்த ஸ்டென்டின் நடுப்பகுதி சிடியில் அவ்வளவு தொந்தரவு தராது. ஆனால் இடம் தெரிவதற்காக இரண்டு முனையிலும் மூன்று நான்கு அடர்த்தியான உலோகப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். வீக்கம் அங்கேதான் அதிகம். ஸ்டென்டின் இரண்டு முனையும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவு இறுகியது போலத் தெரிந்தால், பெரும்பாலும் அது புள்ளிகளின் வேலை. இதயத்துக்காகச் செய்த கோபால்ட் குரோமியம் ஸ்டென்டை மூளையில் வைத்திருந்தால் வீக்கம் கூடும். ஃப்ளோ டைவர்ட்டர் என்பது அனூரிஸத்துக்குள் ரத்தம் பாயாமல் திருப்பிவிடுவதற்காகச் சல்லடை போல நெருக்கமாகப் பின்னிய ஸ்டென்ட். பைப்லைன் என்பதில் 48 இழைகள். ஒவ்வோர் இழையும் மெல்லியது என்பதால், பெரிய குழாயில் வைத்திருந்தால் சிடியில் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே தெரியும். காயில் இருந்தால் மட்டும் சிடி கைவிட்டுவிடும். பிளாட்டினம் உருண்டையிலிருந்து கிளம்பும் வெள்ளை, கறுப்புக் கோடுகள் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும்.

குழாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் முக்கியம். பேசிலார் தமனி தலையின் நீளவாக்கில் மேலே ஏறுவதால் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் வட்டமாக, தெளிவாகக் கிடைக்கும். நடுத் தமனி காதை நோக்கிப் படுக்கைவாக்கில் போகிறது. ஒரே ஸ்டென்ட் முதல் இடத்தில் நன்றாகத் தெரிந்து இரண்டாவது இடத்தில் மங்கலாக இருக்கலாம்.

இதில் எங்கள் கைவேலை எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தலை ஆஞ்சியோவுக்கு மெஷினில் வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பு மிருதுவான படத்தைத் தரும். ரத்தக்குழாய் அழகாக இருக்கும், ஸ்டென்ட் வீங்கியிருக்கும். அதே தகவலிலிருந்து ஷார்ப் கெர்னல் (விளிம்புகளைக் கூர்மையாக்கும் கணக்கீட்டு முறை) போட்டு, அரை மி.மீ. அளவு மெல்லிய துண்டுகளாக மறுபடி படம் உருவாக்கினால் கம்பி மெலியும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும், அது பரவாயில்லை. பார்க்கும்போது விண்டோவை, அதாவது கறுப்பு வெள்ளை அளவை, அகலமாகத் திறந்தால் வெள்ளைக்குள் மறைந்த குழாய் வெளியே வரும். இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்ரே எடுக்கும் இரட்டை ஆற்றல் மெஷின் என்றால் உயர் ஆற்றல் படம் போட்டு உலோகக் கோடுகளைக் குறைக்கலாம். ஆனால் அதில் அயோடினின் வெளிச்சமும் மங்கும், ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் எதற்கும் உங்களுக்குக் கூடுதல் மருந்தோ கதிர்வீச்சோ இல்லை. ஒன்று மட்டும்: மெஷினில் இருக்கும் மூலத் தகவல் சில நாளில் அழிந்துவிடும், புதிய நோயாளிகளின் தகவல் அதன்மேல் ஏறிவிடும். அதன்பிறகு வந்து ஷார்ப் படம் கேட்டால் எங்களால் தர முடியாது. எடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள்: கிரியாட்டினின் பரிசோதனை, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தி 48 மணி நேரம் கழித்து மறுபரிசோதனை, கதிர்வீச்சு. சாதாரணத் தலை சிடிக்குச் சராசரி 2 மில்லிசீவர்ட் என்று கணக்கு. இயற்கையிலிருந்தே ஒரு வருடத்தில் உலகச் சராசரியாக நமக்குக் கிடைப்பது 2.4. ஆஞ்சியோவில் மருந்துக்கு முன்னும் பின்னும் என்று சுற்றுகள் கூடக் கூட இது ஏறும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, தவறான "சுருக்கம்" என்ற ரிப்போர்ட். ஏன் என்றால் மறுபடி பலூன் வைத்து விரிப்பது ஆபத்தில்லாத வேலை அல்ல. அமெரிக்காவில் 451 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த சாம்ப்ரிஸ் ஆய்வில், மூளைக் குழாய்ச் சுருக்கத்துக்கு விங்ஸ்பான் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 5.8 சதவீதம். மூளைக் குழாய்க்குள் கருவியோடு போவது எவ்வளவு யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்பதற்கு இந்த எண்களே போதும். வீங்கிய படத்தை நம்பி யாரும் அங்கே போய்விடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. அதே விங்ஸ்பான் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் ஆரம்பக் காலத்தில் அமெரிக்காவில் எடுத்த ஒரு தொடர் கணக்கில், ஏறக்குறைய 30 சதவீத இடங்களில் உண்மையிலேயே மறுசுருக்கம் வந்திருந்தது. ஆகவே "சிடியில் எப்போதும் இப்படித்தான் தெரியும்" என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

## எம்ஆர் ஆஞ்சியோ

காயில் இருந்தால் என் ஓட்டு எம்ஆருக்குத்தான். சிடியை அழிக்கிற பிளாட்டினம் எம்ஆரில் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை. காயில் உருண்டைக்குள் ரத்தம் மறுபடி புகுந்திருக்கிறதா என்று நன்றாகத் தெரியும். கூடவே டிஃப்யூஷன் படம் எடுத்தால், நோயாளி உணராமலேயே வந்துபோன புதிய சின்னப் பக்கவாதம்கூட வெளிச்சமாகத் தெரியும். சிடியில் அது கிடைக்காது.

ஆனால் ஸ்டென்டின் உள்ளே பார்ப்பதில் எம்ஆருக்கும் ஒரு குறை உண்டு. உலோக வலை ஒரு கூண்டு போல ரேடியோ அலைகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. ரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் கறுப்பாகவோ மங்கலாகவோ தெரியும். வலை நெருக்கமாக நெருக்கமாக இது கூடும். ஆகவே நிட்டினால் ஸ்டென்டைவிட கோபால்ட் குரோமியம் ஃப்ளோ டைவர்ட்டரில் மோசம். மருந்து இல்லாமல் எடுக்கும் டிஓஎஃப் முறையில்தான் இந்தச் சிக்கல் அதிகம். கடோலினியம் மருந்து போட்டு எடுத்தால் குறையும். சைலன்ட் எம்ஆர்ஏ என்ற சத்தமில்லாத முறை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. அது எல்லா மெஷினிலும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

"தலைக்குள் கம்பி இருக்கிறதே, காந்தம் இழுத்துவிடாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். இன்று மூளைக்கு வைக்கும் நிட்டினால் ஸ்டென்டுகளும் பிளாட்டினம் காயில்களும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எம்ஆருக்குள் போகலாம் என்று அனுமதி பெற்றவை. அந்த நிபந்தனை ஸ்டென்ட் கார்டில் எழுதியிருக்கும். அதனால்தான் கார்டைத் தொலைக்காதீர்கள் என்று சொல்கிறோம். கார்டு இல்லாமல் வந்தால் எம்ஆர் அறையில் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். அது அவர்கள் பிடிவாதம் இல்லை, கடமை.

மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும், அரை மணி நேரம் அசையாமல் படுக்க முடியாத வயதானவர்களுக்கும் இது கஷ்டம். மயக்க மருந்து தேவைப்பட்டால் செலவும் நேரமும் இரட்டிப்பாகும்.

## டிஎஸ்ஏ

தொடையிலோ மணிக்கட்டிலோ தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து வரை கொண்டுபோய், மருந்தை அங்கேயே விட்டு எடுக்கும் படம். எலும்பையும் உலோகத்தையும் கழித்துவிட்டு ரத்த ஓட்டத்தை மட்டும் காட்டும். 40 சதவீதமா 60 சதவீதமா என்ற கேள்விக்கு நம்பிக்கையான பதில் இங்கேதான் கிடைக்கும். ரத்தம் எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் ஓடும் படமாகத் தெரியும்.

ஆபத்து சிறியது, பூஜ்யம் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 19,826 பரிசோதனைகளைப் பார்த்து 2007இல் வெளியிட்ட கணக்கில், நரம்பு சார்ந்த சிக்கல் 2.63 சதவீதம். அதில் பெரும்பாலானவை தற்காலிகம். நிரந்தரமாக ஊனமாக்கும் பக்கவாதம் 0.14 சதவீதம், அதாவது சுமார் 730 பேரில் ஒருவர். குழாய் போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது இதைவிட அதிகம் பார்க்கும் தொந்தரவு.

செலவு என்று பார்த்தால் ஒரு நாளாவது படுக்கை, குழாய் விட்டுப் படம் எடுக்கும் அறையான கேத் லேபின் கட்டணம், கூட ஒருவர் தங்குவது, தொடை வழி என்றால் பல மணி நேரம் காலை மடக்காமல் படுப்பது. சிடிக்கு ஆவதைப் போலப் பல மடங்கு ஆகும். கதிர்வீச்சும் சராசரி 5 மில்லிசீவர்ட் அளவில் இருக்கிறது.

இருந்தாலும் ஒரு முடிவு இதைப் பொறுத்துத்தான் எடுக்கப்போகிறார்கள் என்றால் தயங்க வேண்டாம். உதாரணமாக ஃப்ளோ டைவர்ட்டர் வைத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகி, குளோபிடோக்ரெலை நிறுத்தலாமா என்று யோசிக்கும் நேரம். அனூரிஸம் முழுதாக மூடியதா, ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, தேவையில்லாமல் நீட்டுவதும் ஆபத்து. அங்கே மிச்சம் பிடிக்கிற பணம் மிச்சமே இல்லை.

## கேத் லேபிலேயே எடுக்கும் சிடி

டிஎஸ்ஏ மெஷினின் கரத்தையே தலையைச் சுற்றிச் சுழலவிட்டு சிடி போன்ற படத்தை உருவாக்கலாம். டைனாசிடி, வாசோசிடி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஸ்டென்டின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் காட்டுவதில் சாதாரண சிடி இதற்கு அருகில்கூட வராது. ஸ்டென்ட் நடுவில் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, சுவரை விட்டு விலகி நிற்கிறதா என்ற கேள்விக்கு இதுதான் கருவி. மருந்தைத் தண்ணீராக நீர்த்துத் தமனிக்குள் விட வேண்டும் என்பது இதன் சூட்சுமம். முழு அடர்த்தியில் விட்டால் அந்த வெள்ளையில் கம்பியே மறைந்துவிடும்.

வெளியிலிருந்து வந்து தனியாக எடுத்துக்கொள்ளும் பரிசோதனை இல்லை இது. டிஎஸ்ஏ எடுக்கும்போது கூடவே எடுப்பது. டிஎஸ்ஏவுக்குப் போவதாக இருந்தால் "சுழல் படமும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

## மற்ற இரண்டு

டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர்: நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்து எலும்பின் வழியே ஒலி அனுப்பி ரத்த வேகத்தை அளப்பது. ஊசி இல்லை, கதிர் இல்லை, விலை குறைவு. ஸ்டென்டைக் காட்டாது. ஆனால் நடுத் தமனியில் வேகம் மூன்று மாதத்துக்கு மூன்று மாதம் ஏறிக்கொண்டே போனால் அது ஓர் எச்சரிக்கை. எலும்பு தடித்த சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, ஒலியே உள்ளே போகாது.

போட்டான் கவுன்டிங் சிடி: 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் முதல் மெஷினுக்கு அனுமதி கிடைத்தது. 0.2 மி.மீ. மெல்லிய துண்டுகள் எடுக்கும். மேலே சொன்ன அரை மி.மீ. சுவரை உடைப்பது இதுதான், சிறிய ஸ்டென்டுக்கு இது பெரிய நல்ல செய்தி. உங்கள் ஊருக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இன்னும் எட்டாது.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்க | சிடி ஆஞ்சியோ | எம்ஆர் ஆஞ்சியோ | டிஎஸ்ஏ |
|---|---|---|---|
| முழு அடைப்பா, இல்லையா | நன்றாகத் தெரியும் | ஸ்டென்டுக்குள் ஏமாற்றலாம் | உறுதி |
| சுருக்கம் எத்தனை சதவீதம் | 3 மி.மீ.க்குக் கீழே நம்ப முடியாது | நம்ப முடியாது | உறுதி |
| காயில் போட்ட அனூரிஸம் | பயனில்லை | நன்று | உறுதி |
| அவசரத்தில் | முதலிடம் | நேரம் ஆகும் | சிகிச்சைக்குப் போகும்போது |
| கதிர்வீச்சு | உண்டு | இல்லை | உண்டு, அதிகம் |
| மருந்து | அயோடின் | கடோலினியம், அல்லது இல்லாமலும் | அயோடின் |
| ஒரு நாள் வேலை கெடுமா | பாதி நாள் | பாதி நாள் | ஆம், படுக்கையோடு |

## யாருக்கு எது

குழாய் சுருங்கியதற்காக ஸ்டென்ட் வைத்து, தொந்தரவு எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றால் சிடி ஆஞ்சியோவில் தொடங்குவது சரி. ஆனால் ஒரு நிபந்தனை: ஸ்டென்ட் வைத்த சில நாளிலோ வாரத்திலோ, குழாய் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த நிலையில், ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் படத்தில் கம்பி எவ்வளவு வீங்கித் தெரிகிறதோ அதுதான் உங்கள் அளவுகோல். ஆறாவது மாதத்தில் அதே சென்டரில், அதே மெஷினில், அதே அமைப்பில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்று போல இருந்து, தாண்டிய கிளைகளும் நிறைந்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம். முதல் படம் இல்லாமல் ஆறாவது மாதப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ரேடியாலஜிஸ்டும் திணறத்தான் செய்வார். நான் சொன்ன பெரியவருக்கும் முதல் படம் இல்லை.

அந்த ஒப்பீட்டில் மாற்றம் தெரிந்தாலோ, கை மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம் என்று புதிதாக ஏதாவது வந்துபோனாலோ, இன்னொரு சிடிக்கு அலையாமல் டிஎஸ்ஏவுக்குப் போங்கள்.

காயிலோடு ஸ்டென்ட் என்றால் டாக்டர் சொல்லும் முதல் டிஎஸ்ஏவைத் தவறவிடாதீர்கள். அதில் எல்லாம் சரி என்று வந்தபிறகு வருடாவருடம் மருந்து போட்ட எம்ஆர் போதும். காயில் இல்லாத ஃப்ளோ டைவர்ட்டர், அதுவும் கண்ணுக்குப் பின்னால் உள்ள பெரிய குழாயில், டிஎஸ்ஏவில் அனூரிஸம் மூடியதாகத் தெரிந்துவிட்டது என்றால் அடுத்தடுத்த வருடங்களுக்கு சிடி எடுக்கலாம். அந்த இடத்தில் சுற்றிலும் எலும்பு என்பதால், மருந்துக்கு முன் ஒரு முறை எடுத்து எலும்பைக் கழிக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால், சிடி, டிஎஸ்ஏ இரண்டிலுமே அயோடின் உண்டு என்பதை மறக்க வேண்டாம். டாப்ளரையும் மருந்தில்லாத எம்ஆரையும் வைத்துக்கொண்டு கண்காணித்து, அறிகுறி வந்தால் மட்டும் மேலே போவதைப் பற்றி நெஃப்ராலஜிஸ்டும் ஸ்டென்ட் வைத்தவரும் சேர்ந்து பேச வேண்டும். பழைய பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வரும்போது கொண்டுவர வேண்டியவை

ஸ்டென்ட் கார்டு. டிஸ்சார்ஜ் சம்மரி. பழைய ஸ்கேனின் குறுந்தகடு அல்லது பென்டிரைவ். ஃபிலிம் மட்டும் போதாது, ஃபிலிமில் விண்டோவை மாற்ற முடியாது. ஒரு வாரத்துக்குள் பார்த்த கிரியாட்டினின் ரிப்போர்ட். முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் அதை வென்ஃப்ளான் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

டாக்டரின் சீட்டில் "சிடி ஆஞ்சியோ, பிரெய்ன்" என்று மட்டும் இருந்தால் எங்களுக்கு ஸ்டென்ட் இருப்பதே சில சமயம் மேஜையில் படுத்தபிறகுதான் தெரியவருகிறது. ஸ்டென்டின் பெயர், அகலமும் நீளமும், எந்தக் குழாய், எந்தப் பக்கம், என்றைக்கு வைத்தது, "ஷார்ப் கெர்னல், மெல்லிய துண்டுகளும் தேவை" என்று ஒரு வரி. இவ்வளவையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஸ்கேன் அன்றைக்குச் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிறு என்று எண்ணி அன்றைய மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஸ்டென்டைப் பாதுகாக்கிறதே அந்த மாத்திரைதான்.